சுவர்ப் பக்கம் பார்க்காதே என்றேன்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தங்கைகளே, தம்பிகளே,

கோப்பைகளைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். எங்கள் கல்லூரிக்கும் கோப்பைகள் வந்தன. முதல்வர் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கின்றன, வேண்டுமானால் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் எழுதப் போவது எனக்கே இன்னும் சரியாகப் புரியாத நான்கு வாரங்களைப் பற்றி. ஓய்வு பெற்ற பிறகு எல்லாம் தெளிவாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு ஆகவில்லை.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்தேன். எல்லாருக்கும் பி.டி. மேடம். என் கையில் இருந்தது பெண்கள் கபடி அணி. பன்னிரண்டு பேர், எல்லாரும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவர்கள். படிப்புக்கும் ஹாஸ்டலுக்கும் காசு கட்ட வேண்டாம் என்று அவர்கள் வீட்டுக்கே போய்ப் பேசி அழைத்து வந்தவள் நான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். வாக்குக் கொடுத்தது கல்லூரி என்றாலும், அந்த வீடுகளில் டீ குடித்தது நான்தான்.

எங்கள் மைதானம் ரோட்டோரம். இடுப்பு உயரச் சுவர் ஒன்றுதான் மறைப்பு. மாலை நாலரைக்குப் பயிற்சி தொடங்கினால் அந்தச் சுவர் முழுக்க ஆண்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பக்கத்தில் கார்களுக்கு ஒயரிங் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அதன் பஸ் எங்கள் கேட்டுக்கு எதிரில்தான் ஆட்களை இறக்கிவிடும். எல்லாரும் ஒரே நீலச் சட்டை. பாதிப் பேர் தெற்குப் பக்கத்திலிருந்து வந்து சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள், பாதிப் பேர் உள்ளூர்.

முதலில் விரட்டினேன். பெண் பிள்ளைகள் பயிற்சி செய்யும் இடத்தில் உங்களுக்கு என்ன வேலை என்று விசிலை ஊதிக்கொண்டே போய்ச் சண்டை போட்டிருக்கிறேன். போவார்கள், மறுநாள் வந்து உட்காருவார்கள். ஆனால் ஒரு தப்பான வார்த்தை வந்ததில்லை. ரெய்டு போய்த் தொட்டுவிட்டு வந்தால் கத்துவார்கள், மாட்டிக்கொண்டால் அவர்கள் வீட்டில் ஏதோ நடந்துவிட்டது மாதிரி தலையில் கை வைப்பார்கள். விரட்டுவதை விட்டுவிட்டேன். ஆனால் பிள்ளைகளுக்கு ஒரு சட்டம் போட்டேன்: சுவர்ப் பக்கம் பார்க்காதே. எனக்கும் அதே சட்டம்தான். முப்பது வருடம் மைதானத்தில் நின்ற ஒரு பெண்ணுக்கு அது சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயமும் இல்லை. வேடிக்கை பார்க்கும் ஆண்களின் முகத்தைப் பார்க்காமல் நடக்க நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொண்டுவிடுகிறோம்.

ஒரு பிப்ரவரியில் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். இந்த ஆண்டோடு கபடி அணியை நிறுத்திவிடுகிறோம், மைதானத்தில் தொழிற்சாலைகளுக்கு ஆள் தயார் செய்யும் பயிற்சிக் கட்டடம் வருகிறது என்றார். அப்படியானால் பிள்ளைகள்? அடுத்த ஆண்டு முதல் மற்றவர்களைப் போல் பீஸ் கட்டிப் படிக்கலாம் என்றார். அதை அவர் மோர் குடித்துக்கொண்டே சொன்னார்.

என் கோபம் உங்களுக்குத் தெரியாது. அன்று கொஞ்சம் காட்டினேன். வாக்குக் கொடுத்து அழைத்து வந்த பிள்ளைகள் சார், இவர்களில் ஐந்து பேரால் ஒரு தவணைகூடக் கட்ட முடியாது என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெளியில யாராவது செலவ ஏத்துக்கிட்டா பாக்கலாம் மேடம்" என்றார்.

இந்த இடத்தில் நான் செய்த முதல் தவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நிர்வாகம் 'பார்க்கலாம்' என்றால் அறையை விட்டுப் போ என்று அர்த்தம். அத்தனை வருடம் சம்பளம் வாங்கிய எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் வேண்டியது காதில் விழுந்தால் தெரிந்ததும் மறந்துவிடும்.

ஐந்து பேரில் முதல் பெயர் காளீஸ்வரி. விளாத்திகுளம் பக்கம். எங்கள் முதல் ரெய்டர். அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிறார். சேதி வீட்டுக்குப் போன இரண்டாம் நாளே, படிப்பை விட்டுவிட்டு அந்த ஒயரிங் கம்பெனியில் சேர்ந்துவிடு என்று அம்மா சொல்லிவிட்டார். விண்ணப்பம்கூட வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு வருடப் படிப்புதான் பாக்கி.

அந்த வாரம் பயிற்சி முடிந்து, ஆட்டத்துக்கு விரிக்கும் மேட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது சுவரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பெயர் மாரிச்சாமி, கோவில்பட்டிக்காரர், அந்தக் கம்பெனியில் உற்பத்தி லைனில் நிற்பவர்.

"மேடம், டீம நிறுத்தப் போறாகளாமே? அந்தப் புள்ளைக படிப்பும் நின்னுருமா?"

ஆமாம் என்றேன்.

"பீஸ நாங்க கட்டுதோம் மேடம். ஆளுக்கு ஒரு நாள் ஓ.டி. காசு போட்டா வந்துரும். வெளிய தெரிஞ்ச ஆளுககிட்டயும் போன்ல கேக்கோம்." பிறகு சொன்னார்: "காளீஸ்வரி எங்க லைன்ல வந்து நிக்கக் கூடாது மேடம். அவ்வளவுதான்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு, சரி தம்பி, செய்யுங்க என்றேன். அப்போதும் நான் சுவரைச் சரியாகப் பார்க்கவில்லை. நீலச் சட்டைகள் தலையாட்டின, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் வேறொருவர் முன்னால் வந்தார். ஏழுமலை. பிள்ளைப்பாக்கத்துக்காரர், அதே கம்பெனியில் சூபர்வைசர், குரல் கணீரென்று இருக்கும்.

"மேடம், காசப் பத்தி நீங்க ஃபீல் பண்ணாதீங்க. பசங்க கலெக்ட் பண்ணிகினு கீறாங்க. டீமு நிக்கக் கூடாது, அதான் மேட்டரு."

"அதான் போன வாரமே பேசிட்டோமேப்பா" என்றேன்.

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமா மேடம்" என்றார். "காலேஜ்ல எடம் தரலன்னாலும் இன்னா? எங்க சித்தப்பா மனை ரெண்டு லேஅவுட்ல சும்மா கீது. அங்க மேட்ட போட்டுக்கலாம்."

பரவாயில்லையே, ஒரே வாரத்தில் யோசனை பெரிதாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் மாரிச்சாமி பேசுகிறார், ஒரு வாரம் ஏழுமலை பேசுகிறார், பொறுப்பைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. நல்ல ஒழுங்கான பையன்கள் என்று பாராட்டவும் செய்தேன்.

மூன்றாம் வாரம் மறுபடி மாரிச்சாமி. "மனை விஷயம் என்ன ஆச்சு தம்பி?" என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "விசாரிக்கேன் மேடம்" என்றார். நான்கு நாள் கழித்து சுங்குவார்சத்திரம் தாண்டி ஒரு மனை இருப்பதாகவும், பட்டா சுத்தமாக இருப்பதாகவும், முன்பணம் கொஞ்சம் கொடுத்தால் பேசி முடிக்கலாம் என்றும் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சித்தப்பா மனைக்கு எதற்கு முன்பணம்? கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஊக்கமாக ஓடியாடும் ஆட்களிடம் குறுக்குக் கேள்வி கேட்டால் மனம் சுருங்கிவிடுமோ என்று பயம். நம்முடைய பகுதியில் யாரைப் பார்த்தாலும் மனை விலை பேசுகிறவர்கள்தானே, ஓய்வு பெறப் போகும் டீச்சரம்மா வீடு கட்ட இடம் தேடுகிறார் என்று அவர் நினைத்திருக்கிறார். ஓய்வு நேரத்தில் எனக்காக வெயிலில் அலைந்து இடம் பார்த்திருக்கிறார். இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

பிள்ளைகளிடம் நான் எதையும் சொல்லவில்லை. ஆசை காட்டி ஏமாற்றக் கூடாது என்பது என் நினைப்பு. எல்லாம் கைகூடிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

நான்காம் வாரம் ஏழுமலையிடம், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து ஒரு ஆட்டம் ஆடவைக்கிறேன், எல்லாரும் வந்து பார்க்கட்டும், நன்றி சொன்ன மாதிரி இருக்கும், அன்றே எல்லாம் பேசி முடிவு செய்யலாம், மாரிச்சாமியிடமும் சொல்லிவிடுங்கள் என்றேன். "எந்த மாரிச்சாமி மேடம்?" என்றார். "உங்க மாரிச்சாமிதாம்ப்பா" என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். மாரிச்சாமியின் நம்பருக்கு நானே ஒரு செய்தியும் அனுப்பினேன். அனுப்பாமல் இருந்திருந்தால் ஒருவேளை நல்லதாக இருந்திருக்குமோ என்னவோ.

சனிக்கிழமை மாலை தாளாளர் போன் செய்தார். "பாக்கலாம்னுதான் சொன்னேன், நடத்துறோம்னு சொல்லல. திங்கட்கிழமை பொக்லைன் வருது. அன்னைக்குத்தான் அடுத்த வருஷ பீஸ் கட்டக் கடைசி நாள், யார் கட்டினாலும் கவுண்டர்ல வாங்கிப்பாங்க. ஆனா அணி கிடையாது. நம்ம மாணவிங்க வெளியில போய் ஏதாவது டீம்ல ஆடினா அன்னைக்கே டி.சி. கொடுத்துருவேன், சொல்லி வைங்க." போனை வைத்துவிட்டார்.

அன்று இரவு தூங்கினேனா என்று கேட்காதீர்கள். நான் அன்றே இரண்டு பேருக்கும் போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். காலையில் நேரில் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். கெட்ட சேதியைத் தள்ளிப்போடுகிறவர்கள் இரக்கத்தால் தள்ளிப்போடுவதில்லை, பயத்தால்தான். என்னைப் பொறுத்தவரை அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு மைதானத்துக்கு வந்தால், சுவரில் இடமில்லை. ரோட்டின் எதிர்ப்பக்கமும் ஆட்கள். வழக்கமாக வருவதைப் போல் இரண்டு மடங்கு. நீலச் சட்டை இல்லை, விடுமுறை நாள் என்பதால் ஆளுக்கொரு நிறம். யாரையும் அடையாளம் தெரியவில்லை. இரண்டு பேனர் கட்டியிருந்தார்கள். ஒன்றில் 'காளீஸ்வரியும் தோழிகளும் பட்டம் வாங்கட்டும்' என்று இருந்தது. இன்னொன்றில் 'பிள்ளைப்பாக்கம் மகளிர் கபடி அணி, முதல் ஆட்டம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. காளீஸ்வரியின் படம் இரண்டிலும் இருந்தது.

இரண்டு பேனர்களுக்கும் நடுவில் சண்டை ஆரம்பித்திருந்தது.

"நீங்க யாருய்யா நடுவுல?" என்று ஒரு பக்கம். "நாங்கதான் டீமுக்கு காசு போட்டவங்க, நீ யாரு?" என்று இன்னொரு பக்கம். அந்தக் கூச்சலில் ஒருவன் இன்னொருவனைப் பார்த்து, "டேய், நீ இங்க இன்னாடா பண்ற?" என்றான். மற்றவனும் அதையே கேட்டான். இருவரும் ஒரே அறையில் தங்கியிருப்பவர்களாம். இவன் இரவு வந்து படுக்கும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான், அவன் விடியலில் எழுந்து போகும்போது இவன் தூங்கிக்கொண்டிருப்பான். பேசிக்கொள்வது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதுவும் துணி துவைக்கிற நேரத்தில். இருவரும் ஒரே அணிக்காகக் காசு போட்டிருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள நேரம் வாய்க்கவில்லை.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. அந்தக் கம்பெனியில் இரண்டு ஷிப்ட். காலை ஆறுக்குப் போனால் இரண்டரைக்கு விடும் ஏ ஷிப்ட், இரண்டரைக்குப் போனால் பதினொன்றுக்கு விடும் பி ஷிப்ட். வாராவாரம் மாறும். நாலரை மணிப் பயிற்சியைப் பார்க்க ஏ ஷிப்ட்காரர்களால் மட்டும்தான் வர முடியும். அதாவது ஒரு வாரம் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு கூட்டம், மறு வாரம் உட்கார்ந்திருந்தவர்கள் முற்றிலும் வேறு கூட்டம். மாரிச்சாமி ஒரு ஷிப்ட், ஏழுமலை இன்னொரு ஷிப்ட். கம்பெனி பஸ் போவதை வைத்து மணி சொல்கிற ஊரில் அத்தனை வருடம் இருந்தவள், இதைக் கவனிக்கவில்லை. இரண்டு கூட்டத்தையும் ஒரே ஆட்கள் என்று நினைத்து, இவர்களிடம் தொடங்கிய பேச்சை அவர்களிடம் தொடர்ந்திருக்கிறேன். மேடம் சொல்கிறாரே என்ற மரியாதைக்காக இரண்டு பக்கமும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார்கள்.

மாரிச்சாமியும் ஏழுமலையும் என் முன்னால் வந்து நின்றார்கள். "மேடம், நீங்க யாருக்கு சரின்னு சொன்னீங்க?" என்று கேட்டது ஏழுமலை.

பொய் சொல்ல நாலைந்து வழி அந்த நேரத்தில் தோன்றத்தான் செய்தது. பழியைத் தாளாளர் மேல் போட்டிருக்கலாம், பாதி அவருக்கு உரியதும்தான். எதனாலோ உண்மையைச் சொன்னேன். "ரெண்டு பேருக்கும் சொன்னேன்ப்பா. நீங்க எல்லாரும் ஒரே கும்பல்னு நினைச்சேன்."

மாரிச்சாமிதான் பேசினார், கோபமாகக்கூட இல்லை. "ஒரு வருசமா இந்தச் செவுத்துல உக்காந்திருக்கோம் மேடம். எங்கள்ல ஒருத்தன் மூஞ்சி கூடவா ஒங்களுக்கு நெனப்பில்ல?"

முகம் பார்க்காமல் இருந்தது சரியான பழக்கம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், என் பிள்ளைகளைக் காப்பாற்றிய பழக்கம் அது. அந்த மனிதர் கேட்டதும் நியாயம் என்றுதான் நினைக்கிறேன். இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

தாளாளர் சொன்னதை அப்போதுதான் சொன்னேன். கல்லூரியில் அணி இனி கிடையாது. படிக்க வேண்டுமானால் வெளியில் ஆடக் கூடாது. ஆட வேண்டுமானால் படிப்பு இல்லை. மாரிச்சாமி கூட்டத்தின் கையில் இருந்தது மூன்று பேருடைய பீஸுக்குத்தான் வரும் என்பதும் அங்கேயே தெரிந்தது. ஐந்து பேரும் படிக்க வேண்டுமானால் ஏழுமலை கூட்டத்தின் காசும் வேண்டும். அவர்கள் போட்டதோ ஆட்டத்துக்காக.

"அப்ப புள்ளைங்களையே கேட்டுடலாம். இன்னா சொல்றாங்களோ அதான்" என்றார் ஏழுமலை. சுவர் முழுக்க அதையே கத்தியது. மைக் வேறு கொண்டுவந்திருந்தார்கள். யாரோ அதைக் காளீஸ்வரியிடம் நீட்டினார்கள்.

அந்த நான்கு வாரத்தில் நான் செய்த ஒரே சரியான காரியம் அந்த மைக்கைப் பிடுங்கியதுதான். காசு கொடுத்தவர்கள் எதிரில் நிறுத்தி ஒரு பெண்ணிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், அவள் நன்றி சொல்வாள். அது பதில் ஆகாது. அந்த ஐந்து பிள்ளைகளையும் மேட் வைக்கும் அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினேன். வெளியில் கதவைத் தட்டினார்கள். தட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

உள்ளே நடந்ததும் தெளிவாக இல்லை. சாந்தமான ஒரு பெண் எனக்கு ஆட்டம்தான் வேண்டும் என்று அழுதாள். எப்போதும் சண்டை போடுகிற ஒருத்தி படிப்பு மட்டும் போதும் என்றாள். இரண்டு பேர் ஊருக்கே போய்விடுகிறோம் என்றார்கள். காளீஸ்வரி சுருட்டி வைத்த மேட் மேல் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு கூட்டம்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும் மேடம். ஒரு வாரம் எம் பேரச் சொல்லிக் கத்துவாக. ஒரு வாரம் பாயிண்ட எண்ணிக் கத்துவாக."

"ஏண்டி சொல்லல?"

"ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் மேடம். செவுத்துப் பக்கம் பாக்கக் கூடாதுன்னீங்க. கேக்கக் கூடாதுன்னு சொல்லலையே."

சிரிக்க வேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை.

"உனக்கு என்ன வேணும், சொல்லு. வெளிய இருக்கறவங்கள மறந்துட்டுச் சொல்லு."

முழங்காலிலிருந்து கையை எடுத்தாள். பிறகு சொன்னாள்: "இது வரைக்கும் ரெய்டு போயி அவுட்டானா நாந்தான மேடம் அவுட்டு. இனிம பிள்ளப்பாக்கத்துல போயி ஆடி அவுட்டானா, எத்தன பேரு ஓ.டி. காசு அவுட்டுன்னு தோணும். என்னால ஆட முடியாது மேடம். படிச்சு முடிச்சிருதேன். அதுக்கு அவுக குடுக்காட்டியும் பரவால்ல, அம்மா சொன்ன வேலைக்கே போயிருதேன். ஆனா ஆடுதேன்னு பொய் சொல்லி வாங்க மாட்டேன்."

மற்ற நான்கு பேரும் அவளைப் பார்த்தார்கள். ஆட்டம்தான் வேண்டும் என்று அழுத பெண்ணும் கடைசியில் தலையாட்டினாள். அவள் மனதார ஆட்டினாளா, காளீஸ்வரிக்காக ஆட்டினாளா என்று நான் கேட்கவில்லை. அதுவும் என் கணக்கில் ஒரு தவறாக இருக்கலாம்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சுவரின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நெற்றியில் தழும்பு இருந்த ஒருவர், பல் குத்தும் குச்சியை வாயில் வைத்திருந்த ஒருவர், என் தம்பி மகன் ஜாடையில் ஒருவர். வயது அதிகமில்லை, பலருக்கு என் மாணவிகளைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும்.

"இந்தப் பிள்ளைங்க இனிமே ஆட மாட்டாங்க" என்றேன். "இங்கயும் இல்ல, பிள்ளைப்பாக்கத்துலயும் இல்ல. நீங்க பாக்கறதுக்கு இனிமே ஒண்ணும் இருக்காது. நாளைக்கு பீஸ் கட்டினா அஞ்சு பேரும் படிப்பாங்க, அவ்வளவுதான். இதத் தெரிஞ்சுக்கிட்டுக் கட்டறவங்க கட்டுங்க. வேணாங்கறவங்க காச வாங்கிக்கிட்டுப் போங்க. யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன்."

நான் நினைத்தது என்ன தெரியுமா? படிப்புக்காகக் கொடுத்தவர்கள் நிற்பார்கள், ஆட்டத்துக்காகக் கொடுத்தவர்கள் போய்விடுவார்கள். அதுதானே முறை? நடந்தது அப்படி இல்லை. மாரிச்சாமியின் பக்கத்திலிருந்துதான் முதல் குரல் வந்தது. ஒரு ரெய்டு கூட இனிப் பார்க்க முடியாதென்றால் எதற்கு மேடம் என்று ஒருவர் கேட்டார். பின்னாலேயே பத்துப் பதினைந்து பேர். கூட்டத்தின் ஓரத்தில் நின்று போனைப் பார்த்தபடி மாரிச்சாமி ஒவ்வொருவருக்காகக் காசைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. அந்தப் புள்ள எங்கள் லைனில் நிற்கக் கூடாது என்று சொன்னவர் அவர், அவருடைய ஆட்களே கலைந்து போனார்கள். அவர்கள் மீதும் எனக்குக் கோபம் வரவில்லை. நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்த அரை மணி நேரம் என்னவாக இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஏழுமலை தன் பேனரின் சட்டத்தைக் காலால் ஒரு உதை விட்டார். அது மடங்கி விழுந்தது. என் பக்கம் வேகமாக வந்தார். அடிக்கவே வருகிறாரோ என்று ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாக்கி எவ்ளோ துண்டு வுழுதுன்னு அந்த மாரிச்சாமி அண்ணாத்தய கேட்டுச் சொல்லுங்க மேடம். நாளைக்கு காலீலயே கவுண்டராண்ட வந்து கட்டிட்றோம். எங்க பசங்க எவனும் திருப்பி கேக்க மாட்டான்."

எனக்குக் காதில் சரியாக விழுந்ததா என்றே சந்தேகம். "அவங்க ஆட மாட்டாங்கப்பா" என்றேன் மறுபடியும். "டீம் இல்ல. உங்க சித்தப்பா மனையில ஒண்ணும் நடக்காது."

"அதான் சொன்னீங்களே."

"அப்புறம் எதுக்குக் கட்டற?"

மறுநாள் காலை எட்டரைக்குக் கவுண்டர் திறக்கும் முன்பே ஏழுமலை இன்னும் ஆறு பேருடன் வந்து நின்றார். ஐந்து பேருக்கும் கட்டினோம். வெளியே பொக்லைன் சுவரை இடித்துக்கொண்டிருந்தது. காளீஸ்வரி அந்த ஒரு வருடத்தைப் படித்து முடித்தாள். அதன் பிறகு கபடி ஆடினாளா என்று என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. இதில் நீங்கள் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டால், காசோடு வருகிறவரிடம் பெயரைக் கேளுங்கள், எந்த ஷிப்ட் என்று கேளுங்கள், எதற்காக என்று கேளுங்கள். ஆனால் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு அந்த ஆளை எடை போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன், தப்பாகப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எதுக்குக் கட்டற என்று நான் கேட்டதும் ஏழுமலை மேட் அறை வாசலில் நின்ற பிள்ளைகளை ஒரு முறை பார்த்தார். பிறகு கீழே கிடந்த பேனரைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார்.

"இன்னா மேடம் அப்டிப் பாக்கறீங்க? நாளையிலேந்து எங்களுக்கு பி ஷிப்டு. அதுங்க ஆடுனா மட்டும் நாங்க வந்து பாக்கப் போறமா?"

அதற்கடுத்த திங்கட்கிழமை அவர்களுக்கு மறுபடியும் ஏ ஷிப்ட். அது அவருக்கும் தெரியும், அன்றைக்கு எனக்கும் தெரிந்திருந்தது.